32 நாட்கள் பாக்கி இருந்த தீயணைப்பு வீரரும், சம்பளத்தில் பிடித்த 2 சதவீதமும்



இது நீளமான பதிவு. வேலை இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

கலிபோர்னியாவில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் போனில் பேசும்போது கேட்டான்: "டீச்சர், எங்க ஊர்ல விற்பனை வரியை ஏத்தணும்னு ஓட்டெடுப்பு வருது. ஏன்னு கேட்டா போலீஸ், ஃபயர் டிபார்ட்மென்ட் பென்ஷனுக்கே பணம் பூரா போகுதுங்கறாங்க. அவங்க சம்பளத்துல எவ்வளவு பிடிக்கிறாங்க, மீதியை யார் கட்டறாங்கன்னு யாருமே தெளிவா சொல்லல." எனக்கும் மாதம் பிறந்தால் பென்ஷன்தான் சோறு போடுகிறது. அதனால் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்த ஊர் நீதிமன்றத் தீர்ப்புகள் எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன. உட்கார்ந்து படிக்கப் படிக்க, ஒரு சின்னக் கேள்வியைத்தான் அவர்கள் 140 ஆண்டாகத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. சம்பளத்தில் பிடிக்கும் அந்தப் பணம் யாருடையது? பிடிக்கும் அளவை இடையில் மாற்ற யாருக்கு உரிமை?

முதலில் ஒன்று. அமெரிக்காவில் போலீசும் தீயணைப்பும் நம்மூர் மாதிரி மாநில அரசின் துறைகள் அல்ல. பெரும்பாலும் அந்தந்த ஊர் நகராட்சியின் ஆட்கள். சம்பளம் கொடுப்பதும் நகராட்சி, பென்ஷனுக்குப் பொறுப்பும் நகராட்சி. குப்பை அள்ளுவது, சாலை போடுவது, நூலகம் நடத்துவது எல்லாவற்றுக்கும் எந்தக் கஜானாவோ, அதே கஜானாதான்.

அந்த நாட்டில் நகராட்சி ஊழியர்களிலேயே முதலில் பென்ஷன் கிடைத்தது இவர்களுக்குத்தான். நியூயார்க் நகரம் 1857-இலேயே போலீசாருக்கு ஒரு நிதியைத் தொடங்கியது. காரணம் புரிந்துகொள்வது சுலபம். 60 வயதில் ஏணி ஏறி யாரும் தீ அணைக்க முடியாது. திருடனைத் துரத்தவும் முடியாது. பென்ஷன் இல்லையென்றால் வயதானவர் வேலையை விடமாட்டார். அவரை வெளியே தள்ள ஊருக்கும் மனம் வராது. ஆரம்ப காலத்தில் இந்த நிதிகளுக்குப் பணம் வந்த வழிகள் வேடிக்கையானவை. வேலையில் தவறிய போலீசாருக்குப் போட்ட அபராதம், யாரும் உரிமை கோராத பொருட்களை ஏலம் விட்ட காசு, சில மாநிலங்களில் தீ இன்சூரன்ஸ் கம்பெனிகள் மீது போட்ட வரி. இவற்றோடு ஊழியரின் சம்பளத்திலிருந்து ஒரு சிறு பிடித்தம். அந்தச் சிறு பிடித்தத்தில்தான் நம் கதை தொடங்குகிறது.

சான் பிரான்சிஸ்கோ, 1878. போலீஸ்காரரின் சம்பளம் மாதம் 102 டாலருக்கு மேல் போகக்கூடாது என்று கலிபோர்னியா சட்டம் போட்டது. அதில் 2 டாலரை நகரக் கஜானாவே பிடித்து ஒரு காப்பீட்டு நிதியில் சேர்க்க வேண்டும். போலீஸ்காரர் இறந்தால் குடும்பத்துக்கு 1,000 டாலர். எட்வர்ட் வார்ட் என்ற போலீஸ்காரர் 1889 மார்ச் 13 அன்று இறந்தார். அதற்கு 9 நாட்களுக்கு முன்னால், மார்ச் 4 அன்று, பழைய நிதியைக் கலைத்து வேறொரு நிதியை ஏற்படுத்தும் புதிய சட்டம் வந்திருந்தது. 1,000 டாலர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிபதி ஸ்டீபன் ஃபீல்ட் தீர்ப்பு எழுதினார். அவரும் கலிபோர்னியாக்காரர்தான். அவருடைய வாதத்தைக் கவனியுங்கள். அந்த 2 டாலர் போலீஸ்காரரின் சம்பளம் என்று காகிதத்தில் எழுதியிருக்கலாம்; ஆனால் அது ஒருநாளும் அவர் கைக்கு வரவில்லை; அதைச் செலவழிக்கவோ, பிடிக்கவேண்டாம் என்று தடுக்கவோ அவரால் முடியாது; ஆகவே அது அரசின் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போன பணம்; அரசு நினைத்தால் திட்டத்தை மாற்றலாம். வார்ட் குடும்பம் தோற்றது.

சட்டம் வந்த நாளிலிருந்து ஒருவருக்குப் பிடித்திருந்தால், 11 ஆண்டில் 264 டாலர். இரண்டரை மாதச் சம்பளம். "கைக்கு வராத பணம் உன் பணம் அல்ல" என்கிறது தீர்ப்பு. எனக்கு இது ஒப்பவில்லை. சம்பளப் பட்டியலில் 102 என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு 100 கொடுத்தால், அந்த 2 யாருடையது என்று என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். ஆனாலும் இந்தத் தீர்ப்பு அந்த நாட்டின் பல மாநிலங்களில் நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது. பென்ஷன் என்பது அரசு மனமிரங்கிக் கொடுக்கும் கொடை, கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பதே அதன் பொருள்.

கலிபோர்னியா மட்டும் மெல்ல வேறு பாதையில் திரும்பியது. 1917-இல் சான் பிரான்சிஸ்கோ போலீஸ்காரர் ஒருவரின் மனைவி பென்ஷன் கேட்டுத் தொடுத்த ஓடே வழக்கில், அந்த மாநில உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது. வேலை முடிந்த பிறகு, பழைய சேவைக்காகக் கொடுத்தால் அது கொடை. ஆனால் வேலைக்குச் சேரும்போதே பென்ஷன் உண்டு என்று சட்டம் இருந்தால், அதை எண்ணித்தான் ஒருவர் வேலைக்கு வருகிறார். அப்போது பென்ஷன் சம்பளத்தின் ஒரு பகுதி. நம் ஊரில் பென்ஷன் வாங்குபவர்கள் 'நகாரா தீர்ப்பு' என்று சொல்வோமே, 1982 டிசம்பர் 17, அதிலும் நம் உச்ச நீதிமன்றம் பென்ஷன் பிச்சை அல்ல என்றுதான் சொன்னது. ஆண்டுதோறும் அந்த நாளை ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். அங்கே அந்த எண்ணம் 65 ஆண்டு முன்னால் ஒரு போலீஸ்காரரின் மனைவி வழக்கில் பிறந்திருக்கிறது.

இனிமேல்தான் முக்கியமான இடம். லாங் பீச் என்ற கடற்கரை நகரம், லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தெற்கே. அங்கே தீயணைப்புத் துறையில் கெர்ன் என்பவர் வேலை பார்த்தார். நகர சாசனப்படி (அந்த ஊர்க்காரர்களே ஓட்டுப் போட்டுத் திருத்திக்கொள்ளும் ஊர்ச் சட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்) 20 ஆண்டு முடித்தால் சம்பளத்தில் பாதி பென்ஷன். அதற்காக மாதச் சம்பளத்தில் 2 சதவீதம் பிடித்தம். வருடக்கணக்காகப் பிடித்துக்கொண்டே வந்தார்கள்.

1945 மார்ச் 29 அன்று ஒரு சாசனத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதியில் பென்ஷனுக்குத் தகுதி பெறாத எவருக்கும் இனிப் பென்ஷன் கிடையாது. கெர்னுக்கு 20 ஆண்டு முடிய 32 நாட்கள் பாக்கி.

32 நாட்கள். ஒரு கோடை விடுமுறை கூட இல்லை.

நகராட்சியின் வாதம் தர்க்கமாகத்தான் இருந்தது. பென்ஷனுக்கு நிபந்தனை 20 ஆண்டு. அவர் 20 ஆண்டு முடிக்கவில்லை. நிபந்தனை நிறைவேறாதவரை உரிமை இல்லை. உரிமை இல்லாததைப் பறித்தோம் என்று எப்படிச் சொல்லமுடியும்? கேட்டால் சரி என்றுதான் தோன்றும். 1947-இல் கலிபோர்னியா தலைமை நீதிபதி ஃபில் கிப்சன் எழுதிய தீர்ப்பு அந்தத் தர்க்கத்தைத் தலைகீழாகத் திருப்பியது. உரிமை 20-ஆவது ஆண்டின் கடைசி நாளில் வானத்திலிருந்து விழுவதில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அது ஒட்டிக்கொள்கிறது. ஊழியர் வேலை செய்யச் செய்ய நகரம் அதன் பலனை அனுபவித்துவிட்டது. கடைசியில் விலை கொடுக்கும் நேரம் வரும்போது கடையை மூட முடியாது. நிதிநிலைக்கு ஏற்ப நியாயமான மாற்றங்கள் செய்யலாம். அடியோடு ஒழிக்க முடியாது. கெர்ன் ஜெயித்தார்.

வார்டுக்கும் கெர்னுக்கும் நடுவில் 58 ஆண்டு. அவருக்கு 9 நாள் பிந்திப் போயிற்று, இவருக்கு 32 நாள் முந்திப் போயிற்று. இரண்டுமே நாள்கணக்கு. ஒருவர் தோற்றார், ஒருவர் வென்றார்.

"நியாயமான மாற்றங்கள் செய்யலாம்" என்று தீர்ப்பில் ஒரு வாசல் திறந்திருந்தது அல்லவா? அதே லாங் பீச் அந்த வாசல் வழியாக மறுபடி வந்தது. ஒழிக்க முடியாவிட்டால் என்ன, விலையை ஏற்றலாமே! 1951-இல் இன்னொரு சாசனத் திருத்தம். போலீஸ், தீயணைப்பு ஊழியர்களின் பிடித்தம் 2 சதவீதத்திலிருந்து 10 சதவீதம் ஆனது. அதோடு, பதவியின் சம்பளம் ஏற ஏறப் பென்ஷனும் ஏறும் என்ற பழைய முறை போய், ஓய்வுபெறும்போது கணக்கிட்ட தொகையே கடைசிவரை என்று ஆயிற்று. போரில் சேவை செய்த காலத்துக்கும் பங்குப் பணம் கட்டச் சொன்னார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 300 டாலர் சம்பளம் என்று வைத்துக்கொண்டால், நேற்று வரை 6 டாலர் பிடித்தம், இன்று முதல் 30 டாலர். கிடைக்கப்போவதோ பழையதைவிடக் குறைவு. விலை ஐந்து மடங்கு, பொருள் முன்பைவிடச் சிறியது.

இதை எதிர்த்து வந்ததுதான் ஆலன் வழக்கு, 1955. மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது இது: மாற்றம் செய்யலாம், ஆனால் அது பென்ஷன் திட்டம் நன்றாக நடப்பதற்குத் தேவையானதாக இருக்க வேண்டும், ஊழியருக்கு ஒரு பக்கம் பாதகம் செய்தால் இன்னொரு பக்கம் அதற்கு ஈடான புதிய சாதகம் கொடுக்க வேண்டும். 2-ஐ 10 ஆக்கியதற்கு ஈடாக நகரம் எதுவும் கொடுக்கவில்லை. நிதியைக் காப்பாற்ற இது தேவை என்றும் காட்டவில்லை. திருத்தம் செல்லாது.

இதைத்தான் அங்கே 'கலிபோர்னியா விதி' என்கிறார்கள். வேறு சில மாநிலங்களும் பின்பற்றின. இந்த விதியின் முழு வலிமையும் எதில் இருக்கிறது தெரியுமா? ஏற்கனவே செய்த வேலைக்கு மட்டும் அல்ல, இனிமேல் செய்யப்போகும் வேலைக்கும் பழைய விகிதமே பொருந்தும். வேலைக்குச் சேர்ந்த நாளில் என்ன பேசினோமோ, ஓய்வு பெறும்வரை அதுதான். இதை நான் நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் இதற்கு ஒரு விளைவு உண்டு, அது 50 ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. ஏற்றியதை இறக்க முடியாது என்றால், ஏற்றுவதற்கு முன் நூறு முறை யோசிக்க வேண்டும். யோசித்தார்களா?

அதற்குப் போவதற்குமுன் ஒரு சின்னக் கணக்குப் பாடம். பயப்படாதீர்கள், பரீட்சை இல்லை.

மகள் கல்யாணத்துக்காக மாதாமாதம் ஆர்.டி. கட்டுகிறீர்கள். இத்தனை வருடம், இவ்வளவு வட்டி, முடிவில் இத்தனை பவுன் என்று ஒரு கணக்கு வைத்து மாதத் தவணையை முடிவு செய்கிறீர்கள். பென்ஷனிலும் அப்படித்தான். இந்த ஆண்டு ஒருவர் செய்த வேலைக்கான பிற்காலப் பென்ஷனுக்கு இந்த ஆண்டே எடுத்துவைக்க வேண்டிய தொகை ஒன்று உண்டு. அதை நடப்புச் செலவு என்று சொல்லுவோம். இதை ஊழியரும் நகராட்சியும் பங்கிட்டுக் கட்டுகிறார்கள். நினைத்த வட்டி வரவில்லை, ஆட்கள் நினைத்ததைவிட அதிக நாள் வாழ்ந்தார்கள், சம்பளம் நினைத்ததைவிட ஏறியது என்றால் துண்டு விழும். அந்தத் துண்டு பழைய பாக்கியாகச் சேரும். இங்கேதான் சூட்சுமம். ஊழியரின் பிடித்த விகிதம் சட்டத்தில் எழுதிய எண். அது அசையாது. பழைய பாக்கி முழுவதும் நகராட்சியின் தலையில், அதாவது ஊர்க்காரர்களின் வரியில்.

இன்னொரு விஷயம் நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. உங்கள் சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி பிடிக்கிறார்களே, கலிபோர்னியாவின் பெரும்பாலான போலீசாருக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் அது கிடையாது. 1935-இல் அந்தச் சட்டம் வந்தபோது மாநில, நகராட்சி ஊழியர்களைச் சேர்க்கவில்லை. 1950-களில் கதவைத் திறந்தபோதும், சொந்தப் பென்ஷன் திட்டம் இருந்த போலீஸ், தீயணைப்பு ஆட்களை வெளியிலேயே நிறுத்திவைத்தார்கள். ஆகவே நகராட்சிப் பென்ஷன்தான் அவர்களுக்கு எல்லாம். "இவ்வளவு பெரிய பென்ஷனா!" என்று வியப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சரி, 1999-க்கு வருவோம். மாநில அரசு ஊழியர்களுக்காக 1932-இல் தொடங்கிய ஓய்வூதிய அமைப்பில் பின்னாளில் ஏராளமான நகராட்சிகளும் சேர்ந்துவிட்டன. கால்பெர்ஸ் என்பது அதன் இன்றைய பெயர். 90-களின் கடைசியில் பங்குச் சந்தை ஏறிக்கொண்டே போனது. கால்பெர்ஸின் கஜானா தேவைக்கு மேல் நிரம்பி வழிந்தது. ஆண்டுக்கு 8.25 சதவீதம் வருமானம் வரும் என்ற அனுமானத்தில் கணக்குகள் ஓடின. பல நகராட்சிகள் தங்கள் பங்கைக் கட்டவே தேவையில்லாத நிலை. தொழிற்சங்கங்கள் கேட்டன, கால்பெர்ஸ் ஆதரித்தது, சட்டசபையில் இரு கட்சியினரும் ஓட்டுப் போட்டார்கள், ஆளுநர் கிரே டேவிஸ் கையெழுத்திட்டார். எஸ்.பி. 400 என்பது அந்தச் சட்டத்தின் பெயர்.

அது நெடுஞ்சாலைப் போலீசாருக்குக் கொடுத்தது '50 வயதில் 3 சதவீதம்'. ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் கடைசிச் சம்பளத்தில் 3 சதவீதம். 30 ஆண்டு என்றால் 90 சதவீதம். அதற்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரம்பு. நம் ஊரில் கடைசிச் சம்பளத்தில் பாதி கிடைத்தால் கோவிலுக்குப் போய் அர்ச்சனை செய்வோம். நகராட்சிகளும் விரும்பினால் இதைத் தங்கள் போலீசுக்கும் தீயணைப்புக்கும் கொடுக்கலாம் என்று கதவு திறந்தது. பக்கத்து ஊர் கொடுத்தால் நம் ஊர் கொடுக்காமல் இருக்க முடியுமா? ஆட்கள் அங்கே போய்விடுவார்களே. ஊர் ஊராகப் பரவியது. இனிமேல் செய்யும் சேவைக்கு மட்டும் அல்ல, ஏற்கனவே முடிந்துபோன ஆண்டுகளுக்கும் சேர்த்தே உயர்த்தினார்கள். அதாவது 2 சதவீதக் கணக்கில் பணம் சேர்த்துவைத்த பழைய ஆண்டுகளுக்கு 3 சதவீதம். வித்தியாசத்தை யார் கட்டுவது? சந்தை கட்டும் என்று நம்பினார்கள்.

இந்தத் திட்டத்தில் ஊழியர் கட்டவேண்டியது சம்பளத்தில் 9 சதவீதம். ஆனால் பல நகராட்சிகள் அந்த 9-ஐயும் தாங்களே கட்டிவிட்டன. சம்பள உயர்வு கேட்டுப் பேச்சுவார்த்தை நடக்கும்போது, "உயர்வுக்குப் பதிலாக உங்கள் பங்கை நாங்கள் கட்டிவிடுகிறோம்" என்று ஒப்பந்தம். காகிதத்தில் ஊழியர் பங்கு 9, கையிலிருந்து போவது பூஜ்யம். இதைவிடப் பெரிய வித்தை ஒன்று உண்டு. நகராட்சி கட்டிய அந்த 9 சதவீதத்தையும் ஊழியரின் ஊதியமாகக் கணக்கில் காட்டிக்கொள்ளலாம் என்று சில ஒப்பந்தங்கள் அனுமதித்தன. சம்பளம் 100 டாலர் என்றால், பென்ஷன் கணக்குக்கு 109 டாலர்! தன் பங்கையும் கட்டவில்லை, கட்டாத பங்குக்கும் சேர்த்துப் பென்ஷன்.

1889-இல் வார்ட் தன் சம்பளத்திலிருந்து போன 2 டாலரைத் தன் பணம் என்று நிரூபிக்க முடியாமல் தோற்றார். 2000-களில் கையிலிருந்து போகாத 9 சதவீதமும் ஊழியரின் ஊதியம் என்று ஏற்கப்பட்டது. அன்று நடந்ததும் அநியாயம், இன்று நடந்ததும் அநியாயம். என் பார்வை இது. தீயணைப்பு வீரரைக் குறை சொல்லவில்லை. கொடுத்ததை யார் வேண்டாம் என்பார்? ஊர்க்காரர்களுக்குப் புரியாதபடி ஒப்பந்தத்தின் நடுப்பக்கத்தில் இதை எழுதியவர்களைத்தான் சொல்கிறேன்.

வரவேண்டியது வந்தது. 2000-க்குப் பின் ஒரு சரிவு, 2008-இல் பெரும் சரிவு. 2008-09 நிதியாண்டில் மட்டும் கால்பெர்ஸின் முதலீட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கரைந்தது. வீட்டு விலைகள் விழுந்ததால் நகராட்சிகளுக்குச் சொத்து வரியும் படுத்துவிட்டது.

வலேஹோ என்ற நகரம், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் வடக்குக் கரையில். ஏறத்தாழ 1.2 லட்சம் மக்கள். பசிபிக் கரையில் அமெரிக்கக் கடற்படையின் முதல் கப்பல் கட்டும் தளம் அங்கேதான் 1854-இல் தொடங்கியது. 1996-இல் அதை மூடிவிட்டார்கள். ஊருக்கு வருமானம் போனது, ஒப்பந்தங்கள் மட்டும் நின்றன. நகரத்தின் பொது நிதியில் முக்கால் பங்கு அளவுக்குப் போலீசுக்கும் தீயணைப்புக்கும் சம்பளம், பென்ஷன், சலுகைகளாகப் போய்க்கொண்டிருந்தது. 2008 மே மாதம் வலேஹோ திவால் மனு கொடுத்தது. போலீசாரின் எண்ணிக்கை குறைந்தது, தீயணைப்பு நிலையங்கள் மூடப்பட்டன, சாலைகள் பழுதாகிக் கிடந்தன. 2011-இல் திவாலிலிருந்து வெளியே வந்தது. பென்ஷன் மட்டும் ஒரு டாலர் குறையவில்லை. கால்பெர்ஸோடு வழக்காடும் சக்தி அந்தச் சின்ன நகரத்துக்கு இல்லை.

தீயணைப்பு வீரரின் பென்ஷனைக் காப்பாற்றத் தீயணைப்பு நிலையத்தை மூட வேண்டி வந்தது என்ற இடத்தில் நான் படிப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டேன்.

2012-இல் ஸ்டாக்டன், சான் பெர்னார்டினோ ஆகிய நகரங்களும் திவாலாயின. சான் பெர்னார்டினோ சில காலம் கால்பெர்ஸுக்குப் பங்குப் பணம் கட்டுவதையே நிறுத்திவைத்தது. ஸ்டாக்டன் வழக்கில், 2014-இல் திவால் நீதிபதி கிறிஸ்டோபர் க்ளைன், கூட்டரசின் திவால் சட்டத்தின் முன் பென்ஷனும் தப்பாது, குறைக்க முடியும் என்றே சொன்னார். ஆனாலும் பென்ஷனைத் தொடாத திட்டத்துக்குத்தான் ஒப்புதல் கொடுத்தார். ஸ்டாக்டனில் ஓய்வுபெற்றவர்கள் இழந்தது மருத்துவச் சலுகையை. பென்ஷனைக் காத்த கலிபோர்னியா விதி அந்தச் சலுகையைக் காப்பாற்றவில்லை. வயதான காலத்தில் மருத்துவச் செலவு என்றால் என்னவென்று என் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் பிறகு, ஆளுநர் ஜெர்ரி பிரவுன் 2012 செப்டம்பரில் கையெழுத்திட்ட சீர்திருத்தச் சட்டம் 2013 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. பழைய ஊழியர்களைத் தொட ஆலன் தீர்ப்பு குறுக்கே நின்றது. ஆகவே சுமை புதியவர்களுக்கு. புதிதாகச் சேரும் போலீசாருக்கும் தீயணைப்பு வீரருக்கும் 50 வயதில் 3 சதவீதம் கிடையாது. 57 வயதில் 2, 2.5 அல்லது 2.7 சதவீதம். கடைசி ஓராண்டுச் சம்பளத்துக்குப் பதில் மூன்றாண்டுச் சராசரி. நடப்புச் செலவில் குறைந்தது பாதியை ஊழியரே கட்ட வேண்டும். அவர் பங்கை நகராட்சி கட்டித்தர முடியாது. இந்தப் பாதி பல ஊர்களில் சம்பளத்தில் 12 முதல் 14 சதவீதம் வரை வருகிறது.

ஆக, ஒரே தீயணைப்பு வண்டியில் இரண்டு பேர் ஏறுகிறார்கள். ஒருவர் 2012 டிசம்பரில் சேர்ந்தவர், மற்றவர் 2013 ஜனவரியில். ஒரே தீ, ஒரே புகை. முதலாமவருக்குக் குறைந்த பிடித்தம், பெரிய பென்ஷன். இரண்டாமவருக்குக் கூடுதல் பிடித்தம், சிறிய பென்ஷன்.

இந்த வரியைப் படிக்கும்போது என் மாணவர்களில் பலர் தங்கள் சம்பளச் சீட்டை நினைத்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் அந்தக் கோடு 2003 ஏப்ரல் 1. அதற்கு முன் சேர்ந்த ஏட்டையாவுக்குப் பென்ஷனுக்காகப் பிடித்தம் இல்லை. ஜி.பி.எஃப். அவருடைய சொந்தச் சேமிப்பு, அது வேறு. பின்னால் சேர்ந்த கான்ஸ்டபிளுக்கு அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டையும் சேர்த்து அதில் 10 சதவீதம் பிடித்தம், 2003 திட்டத்தில் அரசும் அதே அளவு போட்டது. ஒரே ஸ்டேஷன், ஒரே பாரா டூட்டி. கலிபோர்னியாவில் புதிதாகச் சேர்ந்தவருக்கும் 'ஆண்டுக்கு இத்தனை சதவீதம்' என்ற உறுதி மிஞ்சியது. நம் ஊரில் 2003 திட்டம் உண்டியலைத்தான் காட்டியது. மாதாமாதம் இவ்வளவு என்ற உறுதியைத் தரவில்லை. அதனால்தான் இங்கே போராட்டம் இத்தனை ஆண்டு ஓயாமல் நடந்தது.

பழைய ஊழியர்களையும் அந்தச் சட்டம் முழுக்க விட்டுவிடவில்லை. 2018 முதல், பேச்சுவார்த்தையில் உடன்பாடு வராவிட்டால், பழைய போலீசாரையும் தீயணைப்பு வீரர்களையும் நடப்புச் செலவில் பாதி வரை, அதிகபட்சம் 12 சதவீதம் கட்டச் சொல்ல நகராட்சிக்கு அனுமதி உண்டு. அதற்கு முன்பே பல ஊர்களில் சங்கங்கள் தாமாகவே தங்கள் 9-ஐக் கட்ட ஒப்புக்கொண்டுவிட்டன. சில ஊர்களில் நகராட்சியின் பங்கிலும் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டார்கள். ஊர் திவாலானால் வேலையே போகும் என்பது வலேஹோவைப் பார்த்தபின் யாருக்கும் பாடம் நடத்தத் தேவைப்படவில்லை.

நீதிமன்றமும் கொஞ்சம் இறங்கி வந்தது. வேலை செய்யாத 5 ஆண்டு வரையிலான சேவையைக் காசு கொடுத்து 'வாங்கி'ப் பென்ஷனில் சேர்த்துக்கொள்ளும் வசதி ஒன்று இருந்தது. அதை நிறுத்தியது சரி என்று 2019-இல் தீர்ப்பு. ஓய்வுபெறும் நேரத்தில் விடுமுறைப் பணம், இதர படிகளைச் சேர்த்து ஊதியத்தை ஊதிக்காட்டும் பழக்கத்தைத் தடுத்ததும் சரி என்று 2020-இல் அலமீடா கவுண்டி ஷெரிஃப் அதிகாரிகள் வழக்கில் தீர்ப்பு. ஆனால் கலிபோர்னியா விதியை எடுத்துவிட மறுத்துவிட்டது. கெர்னும் ஆலனும் இன்றும் நிற்கிறார்கள்.

இனி என் மாணவன் கேட்ட கேள்வி. கால்பெர்ஸ் தன் வருமான அனுமானத்தை 8.25-இலிருந்து 7.75, 7.5, 7 என்று இறக்கி, 2021-இல் 6.8-க்குக் கொண்டுவந்தது. அனுமானம் இறங்க இறங்கப் பழைய பாக்கி ஏறும். அதனால் போலீஸ், தீயணைப்புச் சம்பளத்தில் 100 டாலருக்கு 50 டாலருக்கும் மேல் நகராட்சி கட்டும் ஊர்கள் பல இருக்கின்றன. அதில் பெரும்பகுதி இன்று வேலை பார்ப்பவருக்கான நடப்புச் செலவு அல்ல, பழைய பாக்கி. தம்பி, உன் ஊர் பட்ஜெட்டில் இவை இரண்டும் தனித்தனியாகத்தான் காட்டப்பட்டிருக்கும். கூட்டுத்தொகையை மட்டும் பார்க்காதே, இரண்டையும் பிரித்துப் பார். புதிதாகச் சேர்ந்த தீயணைப்பு வீரர் தனக்கான நடப்புச் செலவில் பாதியைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். உன்னிடம் கேட்கும் விற்பனை வரி அவருக்காக அல்ல. 1999-க்குப் பின் கொடுத்த வாக்குக்காகவும், அப்போது கட்டாமல் விட்ட பங்குக்காகவும்.